பதினான்காம் எண்

கிழக்கிலிருந்து வந்தான் ராய்ஸ் ஹேலரன்,
மூன்று ரயில் மாறி, மரமே முளைக்காத சமவெளி கடந்து.
நிலையத்திலேயே கிளப் தலைவர் அவனுக்குக் கொடுத்தது
ஒரு கார் சாவி, ஒரு வாடகை வீடு,
அப்புறம் என் எண்.

என்னை யாரும் கேட்கவில்லை.
சலவைக்கார ஸ்லாவ்கா என் ஜெர்சியின் கைக்குழியைப் பிரித்து
இரண்டு விரற்கடை அகலமாக்கித் தைத்தாள்.
அவன் தோள் அப்படி.
எனக்கு முப்பத்திரண்டு கிடைத்தது,
துறைமுகத்தில் கோதுமை மூட்டைக்குக் குத்துகிற எண் மாதிரி.

முதல் சனிக்கிழமை
ஃப்ரீமாண்டில் முழுக்க வேலியில் தொங்கியது.
அடுத்தவன் முதுகில் முழங்கால் ஊன்றி எழும்பி
பத்து முறை பந்தை வானத்திலிருந்து பறித்தான்.
பத்து முறையும் உதை தவறியது.
நடுக் கம்பங்களுக்கு இடையில் போனால் ஆறு,
பக்கத்தில் போனால் ஒன்று.
அவன் கணக்கில் அன்று வெறும் ஒன்றுகள்,
வரிசையாக, எரிந்த தீக்குச்சிகள்.

மெல்போர்னில் காற்று தெருவோடு போய்விடும் போல.
இங்கே கச்சான் கடலிலிருந்து நேரே
டிக்கெட் வாங்காமல் மைதானத்துக்குள் வரும்.

எனக்குச் சந்தோஷம்தான். மறைப்பானேன்.

செவ்வாய்க்கிழமை கிடங்கு வாசலில் வந்து நின்றான்.
எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
"இங்கே காற்று எப்படி?" என்றான்.

சொல்லாமல் இருந்திருக்கலாம்.
சொன்னேன்:
கொடியைப் பார்க்காதே, கொடி பொய் சொல்லும்.
கூரையில் கடற்காகங்கள் எங்கே அலகு நீட்டி உட்கார்ந்திருக்கோ
அங்கிருந்துதான் காற்று.
வலது கம்பத்தை மற.
அதற்கும் அப்பால் சிறைச்சாலை மதில் தெரிகிறதா,
அதை நோக்கி உதை.
பந்து தானே திரும்பும்.

அடுத்த சனி, மதிலை நோக்கி உதைத்தான்.
கூட்டம் ஐயோ என்றது.
திறந்த வாயை மூடுவதற்குள் ஆறு.
அன்று மட்டும் ஒன்பது முறை.

பிறகு ஊரில் பையன்கள் எல்லோர் முதுகிலும்
சுண்ணாம்பால் பதினான்கு.
என் மகன் டெரி முதுகிலும்.
அது யாருடைய எண்ணாக இருந்தது என்று
அவனுக்கு ஞாபகமில்லை.
நான் இரண்டாம் அணியில்,
காலை ஆட்டத்தில்,
பெஞ்சுகளுக்கும் நாய்களுக்கும் முன்னால் ஆடினேன்.

கார் கடையில் அவனுக்கு வேலை.
ஒரு கார்கூட விற்கவில்லை.
மனைவி வரவில்லை.
வெள்ளி இரவுகளில் தபால் நிலையத் தொலைபேசியில்
நாணயம் நாணயமாகப் பேசுவான்.
நாணயம் தீரும் இடம் எப்போதும்
ஒரு வாக்கியத்தின் நடுவில்.

செப்டம்பர். அரையிறுதி.
கடலிலிருந்து தள்ளி, நகரத்து மைதானம்.
யாருக்கோ கணுக்கால் பிசகியதால்
கம்பளி போர்த்திய பத்தொன்பதாவது ஆளாக
எல்லைக்கோட்டருகே நான்.
ஐந்து புள்ளி பின்தங்கியிருந்தோம்.
பந்தைப் பிடித்தான். சங்கு ஊதிவிட்டது.
இனி அந்த ஒரு உதைதான்.

கம்பங்களைப் பார்க்கவில்லை அவன்.
தேடி என்னைப் பார்த்தான்.

கடற்காகம் இல்லை. மதில் இல்லை.
புகைபோக்கியில் புகை நூல் பிடித்த மாதிரி நின்றது.
காற்றே இல்லையப்பா, நேரே உதை
என்று இரண்டு கையையும் விரித்தேன்.

கை விரித்தவன் கையில்
அவன் எதைப் படித்தானோ.

வலது கம்பத்துக்கும் அப்பால்,
அங்கே இல்லாத ஒரு சிறைச்சாலையை நோக்கி
அழகாக உதைத்தான்.
பந்து திரும்பவில்லை.
ஒன்று.

திங்கட்கிழமை ரயிலில் போய்விட்டான்.
ஆண்டு மலரில் அவனுக்கு ஒரு வரி:
பதினெட்டு ஆட்டம், எண்பத்தொரு கோல்.
அச்சுப் பிழையாகப் பெயரில் ஓர் எழுத்து குறைவு.

ஸ்லாவ்கா கைக்குழியை மறுபடி சுருக்கித் தந்தாள்.
பழைய ஊசித் துளைகள் துணியில் அப்படியே இருந்தன.
ஏப்ரலில் போட்டுக்கொண்டேன்.
தோளில் கொஞ்சம் தொளதொளத்தது.

கச்சான் அடித்தது.
கடற்காகங்களைப் பார்த்தேன்.
மதிலை நோக்கி உதைத்தேன்.

ஒன்று.